அந்த ஆபீஸில் யார் ஆர்க்கிடெக்ட்

செவ்வாயும் வியாழனும் மாலையில் மும்பை மாட்டுங்காவில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். கனடாவில் ஆர்க்கிடெக்டாக வேலை செய்வதற்கான உரிமம் வாங்க நினைப்பவர்களுக்கான வகுப்பு. நடத்துபவர் ஷ்ருதி மேடம். டொராண்டோவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் திரும்பி வந்தவர். அவர் வீட்டு முன்னறைதான் வகுப்பறை. உள்ளறையிலிருந்து அவருடைய அப்பா கூப்பிட்டால் பாடம் நடுவில் நிற்கும்.

எனக்குக் கனடா மேல் தனி ஆசை ஒன்றும் இல்லை. அங்கே மரத்தாலேயே ஆறு மாடி, எட்டு மாடி கட்டுகிறார்கள். அதை ஒரு முறையாவது நான் வரைய வேண்டும். கேட்பவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்பதால் சம்பளம் என்று சொல்லிவிடுவேன்.

முதல் வகுப்பிலேயே மேடம் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். தினமும் வேலையில் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். "நாங்க செஞ்சோம்னு எழுதாதீங்க. நேர்காணல்ல அவங்க அதைக் கேட்டதும் பேனாவை வெச்சுடுவாங்க. நான் என்ன செஞ்சேன், அதை மட்டும் எழுதுங்க." மற்றவர்கள் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஆனால் 'நான்' என்று எழுதும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்கும். படிக்கட்டை இடது பக்கம் மாற்றியது நானா, சார் சொன்னதால் மாற்றினேனா? சந்தேகம் வந்தால் இரண்டையும் எழுதி வைப்பேன்.

சார் என்றால் சுந்தரராமன். செம்பூரில் ஸ்டேஷனுக்குக் கிழக்கே அவருடைய ஆபீஸ். கல்லூரி முடிந்ததிலிருந்து நான்கு வருடம் அங்கேதான் இருந்தேன். பழைய கட்டடங்களை இடித்துவிட்டு அதே குடும்பங்களுக்குப் புதுக் கட்டடம் கட்டித் தரும் ரீடெவலப்மென்ட் வேலைதான் எங்களுக்கு முக்கால்வாசி. தாராவியிலிருந்து முலுண்ட் வரை எந்த பில்டரைக் கேட்டாலும் ஆர்க்கிடெக்ட் சுந்தரராமனைத் தெரியும். முனிசிபாலிட்டியில் அவர் பிளான் நின்றதில்லை என்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, விண்ணப்பத்தின் அனுபவப் பகுதியை நிரப்ப உட்கார்ந்தோம். யாருக்குக் கீழ் வேலை செய்தோமோ அந்த ஆர்க்கிடெக்டின் பதிவு எண் வேண்டும். என்னிடம் இல்லை. மேடம் லேப்டாப்பில் ஆர்க்கிடெக்டுகளின் பதிவேட்டைத் திறந்து தேடினார். இனிஷியலோடு தேடினார், இல்லாமல் தேடினார். மாநிலத்தை மாற்றித் தேடினார்.

"சாயிமா, உன் பேரு வருது. அவர் பேரு வரல."

"இருக்கும் மேடம். முப்பது வருஷமா பிளான் பாஸ் பண்ணிட்டிருக்காரு."

"பிளான் பாஸ் பண்ண ஆர்க்கிடெக்டா இருக்கணும்னு யாரு சொன்னா? அவர் லைசன்ஸ்டு சர்வேயரா இருப்பார். பம்பாய்ல சர்வேயர் கையெழுத்துக்கும் பிளான் பாஸ் ஆகும். தப்பில்ல. ஆனா சர்வேயர் சர்வேயர்தான்."

பக்கத்தில் இருந்த வேல்ராஜ், கூடப் படிப்பவன், சிரித்தான். "நாலு வருஷம் நீ யாருகிட்ட வேலை பாக்கறேன்னே தெரியலையா? கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளையையாவது விசாரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்போ என் நாலு வருஷம்?"

"ஆர்க்கிடெக்டுக்குக் கீழ வேலை செஞ்ச அனுபவம்னு கணக்குல வராது," என்றார் மேடம். அவர் குரலை மென்மையாக்கிக்கொண்டதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும். யோசிப்போம்."

வீட்டுக்கு வந்ததும் வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா நாகூர் கனி, தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். நாங்கள் பட்டறைக்கு மேலேயே குடியிருக்கிறோம். வெட்டி வைத்த தோலை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"அவரு ஆர்க்கிடெக்ட் இல்லேன்னா பின்ன யாரு புள்ள?"

"சர்வேயர் வாப்பா."

"எல்லாரும் ஆர்க்கிடெக்ட்னுதான சொல்லுதாங்க."

"சொல்லுவாங்க. நானும் சொன்னேன்."

"நீ படிச்ச புள்ள. கேட்டுருக்கலாம்லா?"

அது உண்மை. பிளான் பாஸ் செய்பவரை ஆர்க்கிடெக்ட் என்று சொல்வது இந்த ஊர்ப் பேச்சு. ஊசி போடுகிற கம்பவுண்டரை டாக்டர் என்று சொல்வது மாதிரி. நானும் அதே பேச்சில் வளர்ந்தவள்தான். ஐந்து வருடம் கட்டடக்கலை படித்த பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. கோபத்தில் பாதி என் மேலேயே வந்தது. மறுநாள் காலையில் அந்தப் பாதியும் சார் மேல் போய்விட்டது.

அவர் அறையில் எப்போதும் ஃபில்டர் காபி மணக்கும். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"சார், நீங்க ஆர்க்கிடெக்ட் இல்லையா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எப்பவாவது உன்கிட்ட நான் ஆர்க்கிடெக்ட்னு சொல்லியிருக்கேனா? வாசல்ல போர்டு இருக்கே, அதுல போட்டிருக்கா? கன்சல்டன்ட்னு போட்டிருக்கேன். ஜனங்க கூப்பிடறா. ஒவ்வொருத்தரா பிடிச்சு நிறுத்தித் திருத்திண்டா இருப்பேன்?"

"நான் கூப்பிட்டப்பவாவது திருத்தியிருக்கலாம். இன்டர்வியூல கூட உங்களை ஆர்க்கிடெக்ட்னுதான் சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க."

"தலையாட்டினதெல்லாம் ஞாபகம் வெச்சிண்டிருக்கியா? எழுதி வெச்சிருப்பே. நீ எல்லாத்தையும் எழுதற ஜாதியாச்சே." சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். "பதறாதே. பூனாவுல நம்ம சிநேகிதர் ஒருத்தர் இருக்கார், பக்கா ஆர்க்கிடெக்ட். நாலு வருஷம் அவர்கிட்ட வேலை பாத்தேன்னு லெட்டர்ஹெட்ல அடிச்சுக் கொடுத்துடுவார். கனடாக்காரன் என்ன, பூனாவுக்கு வந்து பாக்கப்போறானா?"

"நான் பூனாவுக்கே போனதில்ல சார்."

"இப்ப போயிட்டு வாயேன்."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. எனக்கு உதவி செய்வதாகவே நினைத்தார். அதனால்தான் மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து எங்கேயாவது எறிய வேண்டும்போல இருந்தது. எறியவில்லை. என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, அன்றைக்கு வரைய வேண்டிய வாட்டர் டேங்க் செக்‌ஷனை வரைந்தேன். கோடு கோணலாக வரக் கணினியில் வழியில்லை என்பதுகூட அன்று எரிச்சலாக இருந்தது.

மாலையில் இன்னொரு விஷயம் உறைத்தது. திலக் நகரில் எங்கள் ஆபீஸ் செய்யும் ஒரு ரீடெவலப்மென்ட் கட்டடம் இருக்கிறது. புது வீடுகளை வாங்குபவர்கள் கட்டிய பணம் ஒரு தனி பேங்க் கணக்கில் இருக்கும்; அதிலிருந்து பில்டர் எடுக்க வேண்டுமென்றால், இத்தனை வேலை முடிந்திருக்கிறது என்று ஆர்க்கிடெக்ட் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழ்களில் முதலிலிருந்தே கையெழுத்துப் போட்டு வருவது நான். "ரெஜிஸ்ட்ரேஷன் வாங்கிட்டே இல்லையா, பழகிக்கோ" என்று சார்தான் முதல் தாளை நீட்டினார். பெருமையாக இருந்தது. சின்ன வயதில் இவ்வளவு நம்புகிறாரே என்று. ஒவ்வொரு முறையும் கட்டடத்துக்குப் போய், தளம் தளமாக ஏறிப் பார்த்து, முடிந்தது எது முடியாதது எது என்று குறித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவேன். "மேல ஏறாம கையெழுத்துப் போடறதுக்குப் பேருதான் அனுபவம்" என்று அவர் கேலி செய்வார்.

அது நம்பிக்கையே இல்லை. அவரால் போட முடியாத கையெழுத்து அது. அந்த ஆபீஸில் ஆர்க்கிடெக்ட் என்று சட்டப்படி இருந்தது ஒரே ஆள். அந்த ஆள்தான் பிரின்டருக்கு டோனர் வாங்கப் போய்க்கொண்டிருந்தாள்.

ஷ்ருதி மேடத்துக்கு போன் செய்தேன். திலக் நகர் சான்றிதழ்களைப் பற்றிச் சொன்னேன்.

"அப்போ நீ யாருக்கும் கீழ வேலை செய்யல சாயிமா. அந்தக் கட்டடத்துக்கு நீயேதான் பொறுப்பு. அதுக்கு வேற பகுதி இருக்கு, சொந்தப் பொறுப்புல செஞ்ச வேலைன்னு. சான்றிதழ் நகல் வேணும். கட்டடத்தோட சொந்தக்காரங்களோ ஆபீஸோ, ஆர்க்கிடெக்ட் இவங்கதான்னு ஒரு லெட்டர் தரணும். உங்க சார்கிட்ட கேளு."

கேட்டேன். சனிக்கிழமை காலை, இந்த முறை உட்கார்ந்துகொண்டு கேட்டேன். திலக் நகர் கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்ட் நான் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

அவர் முதல் தடவையாக என் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"அப்படி எழுதினா நான் யாரு?"

"நீங்க சர்வேயர் சார். நல்ல சர்வேயர்."

"முப்பது வருஷம். பாதி செம்பூர் என் கையெழுத்துல நிக்கறது. நேத்திக்கு வந்த பொண்ணு ஆர்க்கிடெக்ட், நான் உன் ஆபீஸ்ல வேலை பாக்கற சர்வேயர். அப்படித்தானே எழுதச் சொல்றே?"

"நடந்ததை எழுதச் சொல்றேன்."

அவர் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். திலக் நகரின் அடுத்த சான்றிதழ். எட்டாவது தளத்தின் ஸ்லாப், அதாவது கான்கிரீட் தளம், போட்டு முடிந்தது என்று அடித்திருந்தது.

"பில்டர் திங்கக்கிழமைக்குள்ள கேக்கறான். இதுல கையெழுத்துப் போடு, நீ கேட்ட வரியை நான் போடறேன். ரெண்டு பேருக்கும் சரியாப் போயிடும்."

"எட்டாவது ஸ்லாப் போட்டாச்சா சார்?"

"ரெண்டு வாரத்துல போட்டுடுவான்."

"அப்போ ரெண்டு வாரம் கழிச்சு போடறேன்."

"உன் கனடா ரெண்டு வாரம் நிக்குமா?"

நிற்காது. அது அவருக்குத் தெரியும், விண்ணப்பத்தின் கடைசித் தேதியை நானே லீவு கேட்கும்போது சொல்லியிருந்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். சம்மதித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். ரயிலில் வரும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வாரத்தில் எப்படியும் போடப்போகிற ஸ்லாப்தானே. யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாரும் செய்கிறார்கள். நான்தான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேனோ? குர்லாவில் வண்டி மாறி சயனில் இறங்க வேண்டியவள், குர்லாவைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்தேன். அவ்வளவு குழப்பம்.

ஞாயிற்றுக்கிழமை காலை திலக் நகருக்குப் போனேன். வேலை இல்லாத நாள். வாட்ச்மேன் என்னைத் தெரிந்தவர், ஹெல்மெட் கொடுத்தார். ஏழு மாடி ஏறினேன். எட்டாவது ஸ்லாப் வர வேண்டிய இடத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்த குழாய்கள் நின்றன. பலகை அடித்திருந்தது, பாதிக் கம்பி கட்டியிருந்தது. கான்கிரீட் ஒரு சட்டி விழவில்லை. மழை பெய்து பலகை மேல் தண்ணீர் தேங்கி, அதில் யாரோ எறிந்த குட்கா பாக்கெட் மிதந்தது. இதைத்தான் முடிந்துவிட்டது என்று என் எண்ணைப் போட்டுச் சொல்லச் சொல்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் என் எண். பில்டர் பணத்தோடு போய்விட்டால் என் எண். அவருக்கு அந்தத் தாளில் பெயரே இல்லை.

கீழே இறங்கியபோது கேட் அருகே ஒரு அம்மா வாட்ச்மேனோடு ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, கையில் பைபிள் பை. இந்தக் கட்டடத்தின் சொசைட்டிக்கு, அதாவது குடியிருப்போர் சங்கத்துக்கு, செக்ரட்டரி ஜெபா. ரிட்டயர்டான நர்ஸ். பழைய கட்டடம் இடிபட்டதிலிருந்து கோவண்டியில் வாடகைக்கு இருக்கிறார். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் வந்து தன் வீடு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போவார். இரண்டு மூன்று மீட்டிங்கில் நான் அவருக்கு டீ கொடுத்திருக்கிறேன்.

"நீ சுந்தரராமன் ஆபீஸ் பிள்ளைதான? உங்க ஆர்க்கிடெக்ட் எங்க? ஒரு நாளாவது மேல ஏறுவாரா அந்த மனுசன்?"

"அவர் ஆர்க்கிடெக்ட் இல்ல ஆன்ட்டி."

"பின்ன யாரு?"

"நான்."

என்னை ஹெல்மெட்டிலிருந்து செருப்பு வரை பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சர்வேயர், சான்றிதழ், பையில் இருக்கும் தாள், நான் கேட்கும் லெட்டர். சொல்லச் சொல்ல அவர் முகம் இளகும் என்று எதிர்பார்த்தேன். இறுகியது.

"அப்போ இவ்வளவு நாளும் அந்த பில்டருக்குப் பணம் எடுக்கக் கையெழுத்துப் போட்டது நீதானா?"

"நடந்த வேலைக்குத்தான் போட்டேன் ஆன்ட்டி. ஒவ்வொரு தடவையும் ஏறிப் பாத்து."

"ஏறிப் பாத்தியே, லேட்டாகுதுன்னு தெரியலையா? தெரிஞ்சா எங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை சொன்னியா? மீட்டிங்குல டீ குடுத்த. வாயைத் திறந்தியா? என் வீட்டுக்காரர் வாடகை வீட்டுலயே செத்துப் போனாரு. புது வீட்டுக்குப் பால்கனி எந்தப் பக்கம்னு கேட்டுட்டே இருந்தாரு. அதைச் சொல்லக்கூட ஒரு ஆளு வரல."

"கிழக்குப் பக்கம்," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் கண்ணை மூடித் திறந்தார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. யார் என்னை மீட்டிங்கில் பேசச் சொன்னார்கள்? டீ கொடுக்கிற பெண்ணிடம் யார் கேட்டார்கள்? ஆனால் அதே மூச்சில், ஆர்க்கிடெக்ட் நான்தான் என்று எழுதிக் கேட்கிறவளும் நான்தான். பெயர் வேண்டும், திட்டு வேண்டாம் என்றால் அது சுந்தரராமன் கணக்கு.

"நீங்க கேக்கறது நியாயம் ஆன்ட்டி," என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை.

பையிலிருந்த தாளை எடுத்தேன். ஸ்லாப் முடிந்தது என்ற வரியை அடித்துவிட்டு, பலகை அடித்திருக்கிறது, கம்பி பாதி, கான்கிரீட் போடவில்லை என்று பேனாவால் எழுதி, கையெழுத்தும் எண்ணும் தேதியும் போட்டேன். வாட்ச்மேனின் நாற்காலி மேல் வைத்துப் படம் எடுத்து பில்டருக்கும் சாருக்கும் ஜெபா ஆன்ட்டிக்கும் அனுப்பினேன். சாரிடமிருந்து உடனே அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. ஜெபா ஆன்ட்டி என் போனை எட்டிப் பார்த்தார்.

"எடுத்துப் பேசு. பயப்படுதியா?"

எடுத்தேன். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் ஆன்ட்டிக்குக் கேட்டிருக்கும்.

"மூளை இருக்கா உனக்கு? பில்டருக்கு நேரா அனுப்பியிருக்கே. யாரைக் கேட்டு?"

"ஆர்க்கிடெக்ட் யாரைக் கேக்கணும் சார்?"

"நாளைலேர்ந்து வராதே."

"சரி சார். திலக் நகருக்கு மட்டும் வருவேன். அதுல என் பேரு இருக்கு."

வைத்துவிட்டார். வேலை போனது அப்போதுதான் புரிந்தது. ஜெபா ஆன்ட்டி பைபிள் பையிலிருந்து சொசைட்டி லெட்டர்ஹெட்டை எடுத்தார். சர்ச்சுக்கும் அதைக் கொண்டு போகிறவர் அவர்.

"லெட்டர் தாரேன். ஆர்க்கிடெக்ட் நீன்னு எழுதுவேன். வேலை ரொம்ப லேட்டு, எங்களுக்கு ஒரு தகவலும் வந்ததில்லன்னும் எழுதுவேன். ரெண்டும் சேந்துதான். வேணுமா, வேண்டாமா?"

"எழுதுங்க."

அங்கேயே நின்றபடி, நர்ஸுகளுக்கே உரிய உருண்டை எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். முதல் பத்தி எனக்கு. இரண்டாம் பத்தி என்னைப் பற்றி. அதில் ஒரு இடத்தில் 'அலட்சியம்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிக் கேட்க வாய் வரை வந்தது.

செவ்வாய்க்கிழமை ஷ்ருதி மேடம் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இந்த ரெண்டாவது பத்தியோட எப்படி அனுப்பறது? அதை விட்டுட்டு வேற லெட்டர் வாங்கு."

"தரமாட்டாங்க மேடம். தந்தாலும் வாங்கமாட்டேன்."

"அவங்க நேர்காணல்ல இதைத்தான் முதல்ல கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் என்ன செஞ்சேன்னுதானே கேப்பாங்க."

அன்றிரவே அனுப்பிவிட்டேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. திலக் நகரில் முதல் சான்றிதழில் கையெழுத்திட்ட நாளிலிருந்து என் அனுபவத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய காலம் கணக்கில் இல்லை. இன்னும் ஒன்றரை வருடம் பதிவு பெற்ற ஒரு ஆர்க்கிடெக்டிடம் வேலை செய்துவிட்டு, அதன் பிறகு நேர்காணலுக்கு வர வேண்டும்.

வாப்பா கேட்டார், "பாஸா, ஃபெயிலா?"

"பாதி."

"அந்த ஆளு தின்னதுதான் மீதிப் பாதியா?"

"ஆமா வாப்பா."

அந்த ஒன்றரை வருடத்தை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் தாடை இறுகுகிறது. மன்னிக்க முயன்று பார்த்தேன், வரவில்லை; முயல்வதை விட்டுவிட்டேன். தாதரில் ஒரு பெண் ஆர்க்கிடெக்டின் ஆபீஸில் சேர்ந்திருக்கிறேன். சேரும் முன் அந்த அம்மாவின் பதிவு எண்ணைக் கேட்டு, பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எட்டாவது ஸ்லாப் போன வாரம்தான் போட்டார்கள். ஞாயிறன்று ஏறிப் பார்க்கப் போனேன். கேட்டில் ஜெபா ஆன்ட்டி நின்றிருந்தார். என்னோடு மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி நின்று, தன் வீட்டின் சமையலறை ஜன்னல் தாழ்வாக இருக்கிறது என்று சண்டை பிடித்தார். தாழ்வாகத்தான் இருந்தது. பில்டரிடம் இடித்துக் கட்டச் சொல்லி அங்கிருந்தே எழுதி அனுப்பினேன்.